நரம்பியல் பாதிப்புற்றோர் வாழ்க்கைத்தரத்தில் மறுவாழ்வுச் சிகிச்சையின் தாக்கம்: காடாம்புலியூர் வட்டாரச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பக்கவாதம், தண்டுவடக் காயம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட வயதுவந்தோரின் உடலியக்கத்தை மறுவாழ்வுச் சிகிச்சை மேம்படுத்துகிறது. ஆயினும் இயக்கம் மேம்பட்ட அளவுக்கு வாழ்க்கைத்தரம் மேம்படுவதில்லை என்பதை ஆய்வுகள் சில உணர்த்துகின்றன. இவ்விடைவெளி பெரும்பாலும் நோயாளியின் உடலில் தோன்றுவதில்லை. அவர் திரும்பிச் செல்லும் வீட்டிலும் தெருவிலும் தொழிலிலும் தோன்றுகிறது என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது. கடலூர் மாவட்டம் காடாம்புலியூர் வட்டாரத்தின் வாழ்வியல் சூழல் இதற்குச் சான்றுக்களமாகக் கொள்ளப்படுகிறது. வாழ்க்கைத்தரத்தை அளக்கும் கருவிகள் தமிழ்ச் சூழலில் எவற்றைக் கேட்கத் தவறுகின்றன என்பதும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மறுவாழ்வுச் சிகிச்சை, வாழ்க்கைத்தரம், பக்கவாதம், தண்டுவடக் காயம், இயன்முறை மருத்துவம், முந்திரித் தொழில், காடாம்புலியூர்

முன்னுரை

நரம்பு மண்டல நோய்கள் பிற நோய்களிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகின்றன. காய்ச்சல் நீங்கினால் நோயாளி பழைய மனிதராகிறார். மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி செல்லாது நின்றுபோன பின், உயிர் பிழைத்தவர் பழைய மனிதராக மீள்வது அரிது. அவர் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு புதியதொரு வாழ்வை அமைத்துக்கொள்ள வேண்டியவராகிறார். அவ்வமைப்புக்குத் துணைநிற்பதே மறுவாழ்வுச் சிகிச்சை. இயன்முறை மருத்துவம், செயல்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, உளநல ஆலோசனை, துணைக்கருவி வழங்கல் ஆகியன அதனுள் அடங்கும்.

இச்சிகிச்சையின் பயனை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் வினா. கை எவ்வளவு உயர்கிறது, எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது என்பனவற்றை அளப்பது எளிது. அந்த மனிதர் தம் வாழ்வைப் பற்றி என்ன கருதுகிறார் என்பதை அளப்பது எளிதன்று. இது களக் கணக்கெடுப்பு அன்று. வெளிவந்துள்ள ஆய்வு முடிவுகளை ஒரு குறிப்பிட்ட ஊரின் வாழ்வியலோடு பொருத்திப் பார்க்கும் விளக்கக் கட்டுரை.

சொல்லும் பொருளும்

'மறுவாழ்வு' என்னும் சொல் தமிழக ஆட்சி வழக்கில் இலங்கைத் தமிழர் நலனோடும், பொது வழக்கில் மதுப்பழக்கத்திலிருந்து மீட்கும் மையங்களோடும் இணைந்துவிட்டது. பக்கவாத நோயாளியின் குடும்பத்தாரிடம் 'மறுவாழ்வு மையம்' என்று சொன்னால் அவர்கள் முதலில் எண்ணுவது குடிநோயாளிகளைத்தான். இலங்கையில் வழங்கும் 'புனர்வாழ்வு' என்னும் சொல்லோ 2009ஆம் ஆண்டுக்குப் பின் வேறொரு சுமையை ஏற்றுக்கொண்டுவிட்டது. இச்சொற்குழப்பம் சிறியதாகத் தோன்றினும், தேவையுள்ளோர் உரிய இடத்தை நாடாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

'வாழ்க்கைத்தரம்' என்னும் சொல்லில் உள்ள குழப்பம் இதனினும் ஆழமானது. பொருளியலார் வருவாய், நுகர்வு, வீட்டு வசதி ஆகியவற்றின் நிலையைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கின்றனர். மருத்துவ ஆய்வாளர் குறிப்பது வேறு. தாம் வாழும் பண்பாட்டின், விழுமியங்களின் நடுவே, தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் கருத்திற்கொண்டு, ஒருவர் தம் வாழ்வின் நிலையைத் தாமே எவ்வாறு உணர்கிறார் என்பதே உலக சுகாதார நிறுவனம் இதற்குத் தரும் பொருள். 'தாமே உணர்கிறார்' என்பதே இங்கு இன்றியமையாத பகுதி.

இப்பொருளில் வாழ்க்கைத்தரத்தை அளக்க அந்நிறுவனம் 1990களில் ஒரு வினாநிரலை உருவாக்கியது. உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 15 மையங்கள் அப்பணியில் ஈடுபட்டன. இந்தியாவிலிருந்து இரண்டு, ஒன்று புதுதில்லி, மற்றொன்று சென்னை. ஆகவே தமிழ்ப் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து பின்னாளில் பெயர்க்கப்பட்ட பலவற்றுள் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. கருவி உருவான காலத்திலேயே தமிழ்ச் சூழல் அதனுள் இடம்பெற்றிருந்தது. நம் ஆய்வேடுகள் இச்செய்தியைப் பெரும்பாலும் குறிப்பிடாமல் கடந்துசெல்கின்றன.

அதன் சுருக்கப் படிவத்தில் 26 வினாக்கள் உள்ளன. இரண்டு பொதுவானவை. எஞ்சிய 24 வினாக்களுள் உடல்நிலை பற்றியவை 7, உளநிலை பற்றியவை 6, சமூக உறவு பற்றியவை 3, சூழல் பற்றியவை 8. சூழல் பகுதியே அளவிற் பெரியது என்பது கருதத்தக்கது. பணம், வீடு, போக்குவரத்து, பாதுகாப்பு, மருத்துவ வசதியை அடையும் எளிமை, தகவல், ஓய்வு என அது விரிகிறது. பயிற்சிக் கூடத்தில் நோயாளியின் கையைப் பிடித்து நடத்தும் இயன்முறை மருத்துவரின் கை இவ்வெட்டு வினாக்களுள் எதனையும் நேரடியாகத் தொடுவதில்லை.

மீட்சியின் இயங்குமுறை

மூளையில் இறந்துபட்ட நரம்பணுக்கள் மீண்டும் உயிர்ப்பதில்லை. ஆனால் அவற்றை அடுத்துள்ள பகுதிகளும் எதிர்ப்புற அரைக்கோளமும் இழந்த பணியின் ஒரு பகுதியை ஏற்கும் திறனுடையன. இந்நெகிழ்திறன் நோய் தோன்றிய முதல் சில மாதங்களில் மிகுதியாகவும், பின்னர்க் குறைவாகவும் இருக்கும். ஒரு செயலைப் பொருளுள்ள முறையில் மீண்டும் மீண்டும் செய்வதே அதனைத் தூண்டும் வழி.

எத்தனை முறை என்பதே சிக்கல். விலங்குகளில் நிகழ்த்தப்பட்ட சோதனைகளில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை ஓர் அசைவு செய்விக்கப்பட்டது. 2009இல் வட அமெரிக்க மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிகளின் பயிற்சி அமர்வுகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு, பயன்பாட்டு நோக்குடைய கை அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32 முறையே நிகழ்ந்தன எனக் கண்டது. வசதி மிக்க மருத்துவமனைகளிலேயே நிலை இதுவாயின், வாரம் ஒருமுறை பேருந்தேறிச் சென்று பயிற்சி பெறுபவரின் நிலையை ஊகிக்கலாம்.

பயிற்சியின் அளவு கூடினால் பயனும் கூடும் என்பதற்குச் சான்று உண்டு. எட்வர்ட் டாப் வகுத்த முறையில், நல்ல நிலையிலுள்ள கையை உறையிட்டுக் கட்டுப்படுத்தி, வலுவிழந்த கையையே பயன்படுத்தச் செய்வர். 222 நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டு 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியும் இரு வாரங்கள் இவ்வாறு பயிற்சி பெற்றோரின் கைத்திறன் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நிமிர்த்த இயன்றவர்க்கே இம்முறை பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேம்பட்ட நடையும் மேம்படாத வாழ்வும்

பார்க்கின்சன் நோயாளிகள் சிலர்க்கு நடக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். குறுகிய வாயில்களைக் கடக்கும்போது இது மிகுதி. தரையில் கோடுகள் இட்டோ, தாளம் தட்டியோ தூண்டினால் அடி எடுத்துவைக்க முடிகிறது. இத்தூண்டல் முறையை வீட்டிலேயே பயிற்றுவித்து 153 நோயாளிகளிடம் ஐரோப்பாவில் நிகழ்த்தப்பட்ட ஆய்வு 2007இல் வெளியாயிற்று. நடையும் உடல்நிலைப்பாடும் மேம்பட்டன. ஆனால் வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் கருதத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. பயிற்சியை நிறுத்திய ஆறு வாரங்களில் நடையில் கண்ட பயனும் பெரிதும் குறைந்தது.

இந்தியாவில் நிகழ்ந்த பெரிய ஆய்வொன்றும் இவ்வகையில் சிந்திக்க வைக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட அதன் முடிவு 2017இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. குடும்பத்தார் ஒருவர்க்குப் பயிற்சியளித்து, வீட்டில் அவரையே மறுவாழ்வுப் பணியைச் செய்யச் செய்தனர். ஆறு மாதங்களுக்குப் பின், இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் பயிற்சி பெற்ற குழுவில் 47 விழுக்காடு. பெறாத குழுவிலும் 47 விழுக்காடு. மருத்துவர் பற்றாக்குறைக்குக் குடும்பமே மாற்று என நம்பியோர்க்கு இது ஏமாற்றம் அளித்தது.

இம்முடிவைக் கொண்டு குடும்பத்தின் உழைப்பு வீண் எனக் கூறுவது தவறு என்பது என் கருத்து. இந்தியக் குடும்பங்களில் பயிற்சி பெறாத குழுவினரும் நோயாளியைத் தாங்கிப் பிடித்து நடத்தவே செய்வர். மனைவியோ மகளோ மருமகளோ அப்பணியை முன்னரே ஏற்றிருப்பர். ஆகவே இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு தாளில் உள்ள அளவுக்கு வீட்டில் இருந்திருக்காது. மேலும், சார்ந்து வாழ்தல் என்பதும் வாழ்க்கைத்தரம் என்பதும் ஒன்றல்ல. பிறர் துணையோடு மகிழ்ந்து வாழ்வோரும் உண்டு. துணையின்றி நடந்தும் முடங்கிக் கிடப்போரும் உண்டு.

இடைவெளி எங்கே தோன்றுகிறது என்பதை வேலூரிலிருந்து வந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு இத்துறையில் தனி வரலாறு உண்டு. அங்கு மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் காயமுற்று இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் நிறுவனத்தில் பயின்று திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். 1966இல் அங்கு உள்ளிருப்பு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பெற்றது. அத்துறையினர், சிகிச்சை முடித்து ஊர் திரும்பிய தண்டுவடக் காயமுற்றோர் சமூகத்தில் எவ்வளவு இணைந்துள்ளனர் என ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். உடல்சார் தற்சார்பிலும் சமூக உறவிலும் அவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெற்றனர். பொருளியல் தற்சார்பில் பெற்றதோ ஏறத்தாழப் பாதி. இடம்விட்டு இடம் சென்றுவருவதிலும் மதிப்பெண் தாழ்ந்தே இருந்தது. தம் உடலைத் தாமே பேண இயன்றவர், உறவினரால் கைவிடப்படாதவர், வீட்டுப்படியைத் தாண்டவும் சம்பாதிக்கவும் இயலாதிருக்கிறார் என்பதே இதன் பொருள்.

காடாம்புலியூர்: திரும்பிச் செல்லும் இடம்

கடலூர் மாவட்டம் பண்ருட்டி வட்டத்தில், பண்ருட்டியிலிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூர் அமைந்துள்ளது. செம்மண் நிலம், பலாவும் முந்திரியும் இவ்வட்டாரத்தின் அடையாளம். முந்திரிக்கொட்டையைக் காயவைத்தல், உடைத்தல், பருப்பின் தோலை நீக்கல், தரம் பிரித்தல் ஆகிய வேலைகளில் பெண்கள் பெருமளவில் ஈடுபடுகின்றனர். அருகே, 1956இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நெய்வேலி நகரியம் உள்ளது. பணியாளர் குடும்பங்களுக்கு மருத்துவமனையும் அகன்ற, நிழல் மிக்க சாலைகளும் கொண்ட திட்டமிட்ட ஊர் அது. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே நோய் இருவேறு சூழல்களைச் சந்திக்கிறது.

முந்திரிக்கொட்டை உடைத்து வாழும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்துகொள்வோம். பக்கவாதத்தால் அவரது வலக்கையும் வலக்காலும் வலுவிழந்தன. மருத்துவமனையில் சில வாரப் பயிற்சிக்குப் பின் அவர் கைத்தடியுடன் நடக்கிறார். அவரது முன்னேற்றத்தைப் பார்த்தல் அளவுகோலால் மதிப்பிடுகின்றனர். 1965இல் அமெரிக்காவில் வெளியான இவ்வளவுகோல் பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண் வழங்குகிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினால் 15, சமதரையில் நடந்தால் 15, படியேறினால் 10. தரையிலிருந்து எழுந்தால் மதிப்பெண் ஏதுமில்லை. அப்படியொரு வினாவே அதில் இல்லை.

அவர் வாழ்வோ தரையில் அமைந்தது. தரையில் அமர்ந்து காய் நறுக்கி, தரையில் உண்டு, பாயில் உறங்கி, தரையில் அமர்ந்தே கொட்டை உடைத்தவர். மருத்துவமனைக் கோப்பில் 90 மதிப்பெண் பெற்றவர் தம் வீட்டில் ஒருமுறை அமர்ந்தால் எழுவதற்கு மற்றொருவர் வர வேண்டும். குத்துக்கால் இட்டு அமரும் கழிப்பறையாயின் சிக்கல் இரட்டிப்பாகிறது. நடுவில் துளையிட்ட நெகிழி நாற்காலி ஒன்று இச்சிக்கலைப் பெருமளவு தீர்க்கும். பல வீடுகளில் குடும்பத்தாரே இதனைச் செய்துகொள்கின்றனர். இத்தகைய எளிய மாற்றம் தரும் பயனை எந்த அளவுகோலும் பதிவு செய்வதில்லை என்பது ஒரு விந்தை.

உண்ணும் கையும் கருதத்தக்கது. கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொள்வது மேலை நாட்டவர்க்குத் திறன் சார்ந்த சிக்கல் மட்டுமே. இடக்கையால் உண்பதை இழுக்காகக் கருதும் சமூகத்தில் அது மானம் சார்ந்த சிக்கல். உறவினர் வீட்டு விருந்துக்கு வராமல் ஒதுங்குவோர் கால் வலுவின்மையால் மட்டும் ஒதுங்குவதில்லை. பந்தியில் இடக்கையை நீட்ட நாணியும் ஒதுங்குகின்றனர். கரண்டியைப் பிடிக்கப் பயிற்றுவிப்பதோடு, குடும்பத்தாரிடம் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும்.

தொழிலுக்கு வருவோம். கொட்டை உடைத்தல் இரு கைகளுக்கும் உரிய வேலை. ஒரு கை கொட்டையை நிறுத்திப் பிடிக்க, மறுகை கட்டையால் அடிக்கும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைக் கருக்கிப் புண்ணாக்கும் என்பது அங்குள்ளோர் அனைவரும் அறிந்ததே. பக்கவாதத்தில் வலுவோடு தொடுவுணர்வும் குறைந்திருந்தால், சுடுவதையும் அரிப்பதையும் கை உணராது. ஆகவே அவரைப் பழைய வேலைக்கே திருப்புவதை இலக்காகக் கொள்ளுதல் தீங்காகவும் முடியலாம். உடைத்த பருப்பைத் தரம் பிரிக்கும் வேலை அவ்வாறன்று. உயரமான மேசையும் நாற்காலியும் இட்டால் ஒரு கையாலும் அதனைச் செய்யலாம். செயல்முறை மருத்துவர் கூலி கொடுப்பவரிடம் சென்று பேச வேண்டிய இடம் இது. நம் மருத்துவ அமைப்பில் அந்த உரையாடலுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

இனிச் சாலை. பண்ருட்டிக்கோ கடலூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ பயிற்சிக்குச் செல்ல, விரைந்து செல்லும் வாகனங்களுக்கிடையே நெடுஞ்சாலையைக் கடந்து, உயரமான பேருந்துப் படியில் ஏற வேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியை இழக்கிறார். நோயாளிகள் பயிற்சியை இடையில் நிறுத்துவதை 'ஒத்துழைப்பின்மை' என்று எழுதிவைக்கும் வழக்கம் நீதியற்றது. இரண்டு பேரின் ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் சேர்ந்த கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கின்றனர், அதற்கேற்ப முடிவெடுக்கின்றனர்.

யார் சொல்வது?

வாழ்க்கைத்தரம் தாமே உணர்வது என்றோம். ஆயின் இடது மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சிழந்தவரிடம் வினாநிரல் பயன்படுவதில்லை. ஆய்வாளர் பலர் அவரை விலக்கிவிடுகின்றனர் அல்லது உடனிருப்பவரிடம் கேட்டு நிரப்புகின்றனர். உடனிருப்பவர் நோயாளியின் வாழ்க்கைத்தரத்தை, நோயாளி தாமே மதிப்பிடுவதைவிடத் தாழ்த்தி மதிப்பிடுவது பொதுவாகக் காணப்படும் போக்கு. அவர்தம் களைப்பும் கவலையும் அம்மதிப்பெண்ணில் கலந்துவிடுகின்றன. படங்களையும் முகக்குறிகளையும் காட்டிக் கேட்கும் முறைகள் உள்ளன. காலம் பிடிக்கும் என்பதே அவற்றைத் தவிர்க்கக் காரணம்.

மறுபுறம் ஒரு முரண் உண்டு. ஆல்பிரெக்ட், டெவ்லீகர் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான உடற்குறையுடைய 153 பேருள் பாதிக்கு மேற்பட்டோர் தம் வாழ்க்கைத்தரம் நன்று அல்லது மிக நன்று என்றனர். இதனை வெறும் மனத்தேற்றல் என ஒதுக்க இயலாது. நோக்கும் உறவும் பயன்படுகிறோம் என்னும் உணர்வும் உள்ளவர்க்கு உடற்குறை வாழ்வின் முழுமையையும் விழுங்குவதில்லை. 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது தமிழகம் அறிந்த சான்று. ஆயினும் இத்தகைய சான்றுகளைக் காட்டி, 'மனம் இருந்தால் போதும்' என எளியவர்க்கு அறிவுரை கூறுவதை நான் ஏற்பதற்கில்லை. பக்கவாதம் கண்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர். அது மருத்துவம் வேண்டும் நோய். மனவுறுதியின் குறைபாடு அன்று. பயிற்சிக்கு 'வரமாட்டேன்' என்பவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளும் முன், அவர் உறங்குகிறாரா, உண்கிறாரா எனக் கேட்க வேண்டும்.

சமூக உறவுப் பகுதியின் மூன்று வினாக்களுள் ஒன்று பாலுறவு பற்றியது. தமிழ்ச் சூழலில் கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒருசேரத் தயங்கும் வினா அது. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் காயமுற்ற இளைஞர்க்கு அதுவே முதல் கவலையாக இருக்கக்கூடும்.

வீடு தேடி வரும் சிகிச்சை

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், குருதியழுத்த, நீரிழிவு மருந்துகளோடு இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புப் பராமரிப்பையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. பேருந்துப் படியும் கூலி இழப்பும் இதனால் நீங்குகின்றன. மேற்கண்ட சூழல் சிக்கல்களுள் ஒன்றை அரசே நேரடியாகத் தீர்க்க முற்பட்ட முயற்சி என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. ஆனால் ஒரு வட்டாரம் முழுமைக்கும் ஓர் இயன்முறை மருத்துவர் என்னும் அளவில், மூளையின் நெகிழ்திறன் வேண்டும் நூற்றுக்கணக்கான அசைவுகளை அவர் செய்விக்க இயலாது. அவரது வருகையின் மதிப்பு வேறோரிடத்தில் உள்ளது. நோயாளி வாழும் வீட்டை நேரில் காணும் மருத்துவப் பணியாளர் அவரே. நிலைப்படியின் உயரம், கழிப்பறை, பாய், கொட்டை உடைக்கும் திண்ணை ஆகியன அவர் கண்ணில் படுகின்றன. கால் அசைவின் கோணத்தைக் குறிக்கும் படிவத்தில் இவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தால், சிகிச்சை வேறு வடிவம் பெறும்.

சட்டமும் இவ்வகையில் பாதி வழியே வந்துள்ளது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21ஆக விரித்து, பார்க்கின்சன் நோய், தண்டுவட மரப்பு நோய், நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் ஆகியவற்றைச் சேர்த்தது. ஆயினும் பெரும்பாலான நலத்திட்டங்களுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்னும் சான்று வேண்டும். அவ்விழுக்காடு உடலின் குறையைக் கணக்கிட்டு வழங்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட வகைப்பாடோ, உடற்குறையையும் செயலையும் சமூகப் பங்கேற்பையும் சூழலையும் சேர்த்தே ஒருவரின் நிலையை வரையறுக்கிறது. நகரியத்தின் சமதரையில் வாழ்பவர்க்கும் நெடுஞ்சாலையோரச் சிற்றூரில் வாழ்பவர்க்கும் ஒரே விழுக்காடு கிடைக்கும். இருவரும் இழந்தது ஒன்றல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாநிரல், ஒவ்வொரு பண்பாட்டுக்கும் உரிய கூடுதல் வினாக்களைச் சேர்த்துக்கொள்ள இடமளிக்கிறது. தமிழில் இத்துறையில் ஆய்வு செய்வோர் அவ்வாய்ப்பைப் பயன்படுத்தலாம். பிறர் துணையின்றித் தரையில் அமர்ந்து எழ முடிகிறதா? வீட்டுக் கழிப்பறையைத் தனியே பயன்படுத்த முடிகிறதா? கடந்த ஆறு மாதங்களில் எத்தனை திருமணங்களுக்கும் துக்க நிகழ்வுகளுக்கும் சென்றீர்கள்? பலர் முன்னிலையில் உண்ண நாணுகிறீர்களா? சென்ற மாதம் உங்கள் உழைப்பால் ஈட்டிய தொகை ஏதேனும் உண்டா? உங்களைப் பார்த்துக்கொள்பவர் உங்களுக்காக வேலையை விட்டாரா? இவ்வாறு வினாக்களில் எவை நிலையான விடை தருகின்றன என்பதை முந்திரிப் பருவத்தில் ஒருமுறையும் பருவம் அல்லாத மாதங்களில் ஒருமுறையும் கேட்டுச் சோதித்தல் வேண்டும். ஏனெனில் வேலை மிகுந்த காலத்தில் வீட்டில் தனித்துவிடப்படும் நோயாளியின் விடையும், எல்லோரும் வீட்டிலிருக்கும் காலத்தில் அவர் தரும் விடையும் ஒன்றாக இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.